ஐந்து புள்ளி, ஒரு மேடு

சிவப்பு முள் பதினொன்றில் போய் நின்றது. நின்றது நின்றதுதான்.

கைப்பிடியின் பலத்தை அளக்கிற அந்தக் கருவியில் இரண்டு முள். கைப்பிடியை அழுத்த அழுத்தக் கறுப்பு முள் ஏறும். ஏறும்போது சிவப்பு முள்ளையும் தள்ளிக்கொண்டு போகும். கையைத் தளர்த்தினால் கறுப்பு முள் நல்ல பிள்ளையாகப் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். சிவப்பு முள் அப்படியில்லை. அதிகபட்சம் எதுவரை போனதோ அங்கேயே உட்கார்ந்துகொண்டு, வருகிறவர் போகிறவர்களுக்கெல்லாம் காட்டி மானத்தை வாங்கும். பதினொரு கிலோ. பெரியவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஏனென்றால் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பெயரே கிடுக்கி. பதினாறு வருடமாக ஈரக் கம்பளி பிழிகிற கை. எந்தப் பிரிவில் மூடி திறக்கவில்லை என்றாலும் அவளிடம்தான் கொண்டுவருவார்கள். சோப்புக் கரைசல் டப்பாவிலிருந்து மேலாளர் வீட்டு மருந்து பாட்டில் வரை வந்திருக்கிறது. வீட்டில் அவள் பெரியவள், அதாவது அண்ணன் மனைவி. தம்பி மனைவி சின்னவள். கீழே ஒரு குடும்பம், மாடியில் ஒரு குடும்பம். ஓரகத்திகள் இருவருக்கும் ஒரே பஸ், ஒரே சலவைக்கூடம், ஒரே கம்பளியின் இரண்டு முனை.

அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தடித்த கம்பளியைச் சுழல் இயந்திரத்தில் போட்டால் சுருங்கி அட்டையாகிவிடும். அதனால் துவைத்து எடுத்ததும் இரண்டு பேர் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து, எதிரெதிராக முறுக்கித் தண்ணீரை வடிக்க வேண்டும். ஒருத்தி முந்தி இறுக்கினால் மற்றவளின் மணிக்கட்டு போய்விடும். ஆகவே ஒவ்வொரு ஜோடியிலும் ஒருத்தி கூப்பிடுவாள். "பிடி. முறுக்கு. நில்லு. விடு." நாலே சொல். அந்தச் சொல் வராமல் யாரும் விரலை மடக்கக்கூட மாட்டார்கள். இந்த ஜோடியில் கூப்பிடுகிறவள் சின்னவள். குரல் என்றால் அப்படியொரு குரல். கொதிகலன் இரைச்சலை ஓரம் தள்ளிவிட்டு வரும்.

மூன்றரை மாதத்துக்கு முன்பு ஒரு மத்தியானம், முறுக்கு உச்சத்தில் இருந்தபோது, பெரியவளின் கையிலிருந்த கம்பளி திடீரென்று தொளதொளத்தது. மறுமுனையில் பிடியே இல்லை. தன் பலம் முழுவதையும் தானே வாங்கிக்கொண்டு அவள் பின்னால் போய் ஈரத்தரையில் வலது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. "அக்காவுக்குக் கால் வழுக்கிடுச்சு சார், அந்த இழுப்புல என் கையில இருந்தும் போயிடுச்சு" என்று சின்னவள் சூப்பர்வைசரிடம் சொன்னாள். முதலில் போனது மறுமுனைதான், கால் அப்புறம்தான் வழுக்கியது என்று பெரியவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரே கூரையின் கீழே இருந்துகொண்டு சண்டை வேண்டாமே என்று வாயை மூடிக்கொண்டாள். அதிலிருந்து இருவருக்கும் இடையில் பேச்சு "சாவி எங்க", "தண்ணி வந்துச்சா" என்பதோடு சரி.

கட்டுப் பிரித்தாயிற்று. எலும்பு அழகாகக் கூடிவிட்டது என்று எக்ஸ்ரே சொன்னது. வலியும் இல்லை. கை மட்டும் இறுக மாட்டேன் என்றது. மறுபடி கம்பளி பிழியப் போக வேண்டுமானால் இருபத்திரண்டு கிலோ காட்ட வேண்டும் என்பது விதி. ஏற்கெனவே இரண்டு தடவை அளந்து தோற்றாயிற்று, திங்கட்கிழமையான இன்று மூன்றாவது தடவை. வெள்ளிக்கிழமை கடைசி வாய்ப்பு. வராவிட்டால் வேலை போகும். அதைக்கூட அவள் தாங்கிக்கொள்வாள். ஆனால் அந்தப் படிவத்தில் "முழு முயற்சி செய்தாரா" என்று ஒரு கட்டம் இருந்தது. ஆம், இல்லை என்று இரண்டே பதில். "இல்லை" என்று குறி விழுந்தால் ஏமாற்றுக்காரி என்று பெயர் எழுதி அனுப்பிவிடுவார்கள். பதினாறு வருடம் கையைக் கொடுத்துவிட்டுக் கடைசியில் நடிப்புக்காரி என்ற பட்டம். அதைத்தான் அவளால் தாங்க முடியாது.

ஊர் ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டது என்பது வேறு விஷயம். போன வாரம் பஸ் சடாரென்று நின்றபோது எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் சாய, பெரியவள் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். எந்தக் கையால் பிடித்தாள்? அதே வலது கை. நாலு இருக்கை தள்ளி நின்ற சின்னவள் பார்த்தாள். மறுநாளே சூப்பர்வைசர் காதுக்கும் போய்ச் சேர்ந்தது. மூன்றரை மாதமாக வேறு வேறு ஜோடிகளோடு இரட்டை வேலை பார்க்கிறவளுக்கு எரிச்சல் இருக்கும்தான். அதற்காக?

வேறு யாராக இருந்தாலும் அந்தப் பஸ் கதையை மறைத்திருப்பார்கள். பெரியவளுக்கு அது மண்டையைக் குடைந்தது. பஸ்ஸில் பிடித்த கை இந்த அறையில் ஏன் பிடிக்கவில்லை?

"மேடம், ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள்.

சலவைக்கூடத்துக்குப் பக்கத்து மருத்துவமனையில் கைக்குப் பயிற்சி கொடுக்கிற பிசியோ நிமிர்ந்து பார்த்தாள். முப்பது வயது இருக்கும். எப்போதும் பேனாவின் பின்பக்கத்தைக் கடித்துக்கொண்டிருக்கிற பெண். கருவியின் கைப்பிடியை அகலப்படுத்தவும் குறுக்கவும் ஐந்து பள்ளங்கள் இருந்தன. ஒவ்வொரு பள்ளத்திலும் மாட்டி அழுத்தச் சொல்லி, வந்த எண்ணைக் கட்டம் போட்ட தாளில் புள்ளியாக வைத்து, ஐந்தையும் கோட்டால் சேர்த்திருந்தாள். பதினொன்று, பதினொன்று, பன்னிரண்டு, பதினொன்று, பதினொன்று. கோடு சாப்பாட்டு மேசை மாதிரி தட்டையாகக் கிடந்தது.

"இந்தக் கோட்டைப் பார்த்தா உங்க முகம் மாறுது. ஏன்?"

பிசியோ தாளை அவள் பக்கம் திருப்பினாள். "உண்மையா அழுத்துறவங்களுக்கு நடுவுல மேடு வரும். பலசாலின்னா பெரிய மேடு, பலம் இல்லைன்னா சின்ன மேடு. ஆனா மேடு வரும். பாதி மனசா அழுத்துறவங்களுக்குத்தான் இப்படித் தட்டையா வரும்னு எங்களுக்குச் சொல்லிக்குடுத்திருக்காங்க."

"அப்போ நான் பொய் சொல்றேன்."

"நான் சொல்லல. கோடு சொல்லுது."

பெரியவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபத்துக்கு முன்னால் கேள்வி வந்துவிட்டது. அது அவள் சுபாவம். "சரி. மேடு ஏன் வரணும்?"

ஆறு வருடமாகப் புள்ளி வைத்துக் கோடு போடுகிற பிசியோவிடம் இதை ஒருவரும் கேட்டதில்லை. அவள் பேனாவை வாயிலிருந்து எடுத்தாள்.

"தசையைப் பிரிச்சுக்கிட்டே போனா கடைசில கண்ணுக்கே தெரியாத ரெண்டு விதமான இழை இருக்கும். ஒண்ணு தடி, ஒண்ணு மெல்லிசு. ஒண்ணுக்குள்ள ஒண்ணு பாதி நுழைஞ்சு கிடக்கும். தடி இழை மேல குட்டிக் குட்டியா கை மாதிரி நீட்டிக்கிட்டிருக்கும். நரம்புல இருந்து உத்தரவு வந்ததும் அந்தக் கை மெல்லிசு இழையைப் பிடிக்கும், இழுக்கும், விட்டுட்டுக் கொஞ்சம் தள்ளித் திரும்பப் பிடிக்கும்."

"கிணத்துல வாளி இழுக்கிற மாதிரி. கை மாத்திக் கை மாத்தி."

"அதேதான். இழை எதுவும் சுருங்காது. ஒண்ணுக்குள்ள ஒண்ணு சறுக்கிப் போகும், அவ்வளவுதான். அதுல தசை மொத்தமும் குட்டையாகும்."

"எல்லாக் கையும் ஒரே நேரத்துல விட்டுட்டா வாளி கிணத்துக்குள்ள போயிடுமே?"

பிசியோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "விடாது. கொஞ்சம் பேர் பிடிச்சிருக்கும்போதுதான் கொஞ்சம் பேர் மாத்துவாங்க. கோடிக்கணக்குல கை இருக்கு, எல்லாம் வேற வேற நேரத்துல."

அப்புறம் கைப்பிடியைக் கடைசிப் பள்ளத்துக்கு நகர்த்திக் காட்டினாள். இவ்வளவு அகலமாக இருந்தால் விரல் நீளும், விரலை இழுக்கிற தசையும் நீளும். பல குட்டிக் கைகளுக்கு எட்டுகிற தூரத்தில் கயிறே, அதாவது மெல்லிசு இழையே, இருக்காது. முதல் பள்ளத்தில் ரொம்பக் குறுகல். கயிறெல்லாம் ஏற்கெனவே உள்ளே வந்து ஒன்றன்மேல் ஒன்று நெரிபடும், இழுக்க இடம் இருக்காது. நடுவில்தான் எல்லாக் கைக்கும் கயிறு கிடைக்கும். மேடு அதனால் வருகிறது. பொய்யாக அழுத்துகிறவனுக்கு எந்தப் பள்ளத்தில் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று தெரியாது. எல்லாவற்றிலும் ஒரே மாதிரி ஒப்புக்கு அழுத்திவிட்டுப் போவான்.

"விரலை இழுக்கிற தசை எங்க இருக்கு, விரல்லயா?"

"விரல்ல வெறும் நார்தான். தசை முழங்கைக்குக் கீழ இருக்கு. மணிக்கட்டைத் தாண்டி நார் வழியா இழுக்கும்."

பெரியவள் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். பஸ் முழுக்க அதே யோசனை. தசை முன்னங்கையில், நார் மணிக்கட்டைச் சுற்றிப் போகிறது. அப்படியானால் மணிக்கட்டை உள்பக்கமாக மடக்கினால் விரல் மடங்குவதற்கு முன்பே கயிறு நெரிபட வேண்டும். பிடி தளர வேண்டும். சரியா, தப்பா? வீட்டுக்காரர் நாற்காலியில் சாய்ந்து டிவி ரிமோட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். அந்த ரிமோட்டை அவர் கையிலிருந்து பிடுங்கியவர் அந்த வீட்டில் இதுவரை யாரும் இல்லை. அவள் பக்கத்தில் போய், அவர் கையை மணிக்கட்டோடு மெதுவாக உள்ளே மடக்கினாள். விரல்கள் தாமாகத் திறந்தன. ரிமோட் மடியில் விழுந்தது.

"என்ன பண்ற நீ?"

"ஒண்ணுமில்ல. உங்க கயிறு நெரிபட்டுடுச்சு."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு ரிமோட்டை இந்தத் தடவை சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அவளுக்கோ ஒரே சந்தோஷம். மூன்றரை மாதத்தில் அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

செவ்வாய்க்கிழமை பிசியோ அவளுக்காகக் காத்திருந்தாள். ஏன் என்று தெரிந்துகொள்கிற அரிப்பு அவளுக்கும் தொற்றிக்கொண்டுவிட்டது. பஸ் கதையையும் ரிமோட் கதையையும் பெரியவள் ஒளிக்காமல் சொன்னாள். பிசியோ எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒட்டுத் தகடுகளும் ஒயரும் கொண்டு வந்தாள்.

"லேசா கரண்ட் கொடுப்பேன். சுள்ளுனு இருக்கும். நீங்க முழுசா அழுத்திக்கிட்டிருக்கும்போது கொடுப்பேன். நீங்க நெஜமாவே எல்லாத் தசையையும் கூப்பிட்டிருந்தா முள் அப்படியே நிக்கும். கூப்பிடாதது பாக்கி இருந்தா முள் எகிறும்."

பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். பன்னிரண்டு. சுள்ளென்றது. முள் பத்தொன்பதுக்குத் துள்ளியது.

இருவரும் சிவப்பு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் இருக்கு" என்றாள் பிசியோ. "நீங்க கூப்பிடல."

"நான் கூப்பிட்டேன் மேடம். அது வரல."

வேறொருவர் சொல்லியிருந்தால் பிசியோ படிவத்தை எடுத்திருப்பாள். ரிமோட் கதையைக் கேட்டுச் சிரித்திருந்ததால் எடுக்கவில்லை. "நடக்கும்" என்றாள் யோசித்தபடி. "ஒரு நரம்பு இழைக்குக் கீழ நூத்துக்கணக்குல தசை இழை இருக்கும். எத்தனை நரம்புக்கு உத்தரவு போகுதோ அத்தனை பலம். மூளை எப்பவும் கொஞ்சத்தைக் கைவசம் வெச்சுக்கும். பயந்துட்டா நிறையவே வெச்சுக்கும், உங்களையே கேக்காம. பஸ்ல உங்களை யாரும் 'பிடி'ன்னு சொல்லல, அது தானா பிடிச்சுது. கடைசியா நீங்க முழுப் பலத்தோட பிடிச்சது எப்போ?"

"விழுந்த அன்னிக்கு."

"அப்போ என்ன ஆச்சு?"

"மறுமுனை இல்லாமப் போச்சு."

பிசியோ ஒட்டுத் தகடுகளைக் கழற்றினாள். "ஆனா படிவத்துல இதுக்குக் கட்டம் இல்லையே" என்றாள். உண்மைதான். கட்டத்தில் ஆம், இல்லை என்று இரண்டுதான் இருந்தன. தட்டைக் கோட்டோடு போனால் எந்தக் குறி விழும் என்று இருவருக்கும் தெரியும்.

புதன்கிழமை முழுக்கப் பெரியவள் அந்த அறையையே நினைத்துக்கொண்டிருந்தாள். அமைதியான அறை. பேசக் கூடாது, இடது கை மடியில் இருக்க வேண்டும், பிசியோ "ம், அழுத்துங்க" என்று கோயிலில் பேசுகிற மாதிரி மெதுவாகச் சொல்வாள். பதினாறு வருடமாக அவள் கை அப்படி ஒரு அமைதியில் இறுகியதே இல்லை. யாராவது கத்தினால்தான் இறுகும். அடடா, இவ்வளவு நாளாக இது தோன்றவில்லையே என்று தலையில் தட்டிக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை, சலவைக்கூடத்து நாலு சொல்லையும் பிசியோவையே சத்தமாகக் கூப்பிடச் சொன்னாள். பாவம், அந்தப் பெண் தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்கிற மாதிரி, "பிடி, முறுக்கு" என்றாள். பதின்மூன்று. பிறகு பெரியவள் தானே கத்திப் பார்த்தாள். பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பதினைந்து.

"சத்தம் போட்டா மூளையோட பிரேக் கொஞ்சம் தளரும். பளு தூக்குறவங்க கத்துறது அதுக்குத்தான்" என்றாள் பிசியோ. "ஆனா பதினஞ்சுதான்."

யாருடைய சத்தம் வேண்டும் என்று பெரியவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் மனசு சோர்ந்தது. உலகத்தில் எத்தனையோ குரல் இருக்க, போயும் போயும் அந்தக் குரலா?

அன்று சாயங்காலம் மாடிப்படியில் துணிக்கூடையோடு இறங்கிய சின்னவளை அவள் வழிமறித்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நேராகவே சொன்னாள்.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு டெஸ்ட். நீ வந்து கூப்பிடணும்."

"நான் வந்து என்னக்கா ஆகப் போகுது?"

"உன் குரலுக்குத்தான் இந்தக் கை பழகியிருக்கு. வேற யார் கூப்பிட்டாலும் வர மாட்டேங்குது."

"பஸ்ல மட்டும் வந்துச்சே."

"வந்துச்சு. ஏன்னு எனக்கும் தெரியல. நான் சொல்றதை நம்பு. கைக்குச் சொல்றேன், அது கேக்க மாட்டேங்குது."

சின்னவள் முகம் என்னவோ போல ஆனது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு கூடையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, சுவரோரமாக ஒதுங்கி இறங்கிப் போய்விட்டாள். வருவதாகவும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பதினொன்று அடித்துப் பத்து நிமிடம் ஆயிற்று. படிவம் மேசையில் இருந்தது. பன்னிரண்டு மணிக்கு சூப்பர்வைசரின் ஆள் வந்து வாங்கிக்கொண்டு போவான். "ஆரம்பிக்கலாமா?" என்று பிசியோ கேட்டபோது கதவு திறந்தது. ரப்பர் பூட்ஸும் நனைந்த ஏப்ரனுமாகச் சின்னவள் நின்றாள். தேநீர் இடைவேளையில் ஓடி வந்திருக்கிறாள். பெரியவளின் முகத்தைப் பார்க்காமல், கருவியைப் பார்த்து, "இதுதானா அது?" என்றாள்.

பிசியோ விதியை யோசித்தாள், அரை நிமிடம்தான். எதிரே நிற்கச் சொன்னாள்.

"பிடி" என்றாள் சின்னவள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "முறுக்கு. நில்லு."

பதினேழு. நேற்றைவிட இரண்டு கூடுதல், வேண்டியதைவிட ஐந்து குறைவு. இன்னொரு தடவை, பதினேழு. பெரியவளின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. எங்கேயோ ஒரு இடத்தில், இதோ போய்விடும், இதோ மறுமுனை போய்விடும் என்று கை காத்துக்கொண்டிருப்பது அவளுக்கே தெரிந்தது. அவள் கருவியை மேசைமேல் வைத்தாள்.

"வராது மேடம். எழுதிடுங்க."

பிசியோ படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். பேனா கட்டத்தின் மேல் போய்த் தயங்கியது.

"எழுதாதீங்க" என்றாள் சின்னவள். "அக்காவுக்குக் கால் வழுக்கல."

பிசியோ பேனாவைக் கட்டத்திலிருந்து எடுத்தாள்.

"நான்தான் முதல்ல விட்டேன். விடணும்னு விடல. நில்லுன்னு நான்தான் கத்துறேன், என் விரல் தானா தொறந்துக்கிச்சு. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி இருந்தே வலது கை மரத்துப்போயிட்டு இருந்துச்சு. சொன்னா ஈர வேலையில இருந்து தூக்கிடுவாங்கன்னு சொல்லல. அன்னிக்கு அக்கா விழுந்ததும் என்னன்னு சொல்ல? விரல் தானா தொறந்துக்கிச்சுன்னு சொன்னா யாரு நம்புவாங்கக்கா?"

பெரியவளுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. "பஸ்ல பார்த்ததைப் போய்ச் சொல்லத் தெரிஞ்சுது. இதைச் சொல்லத் தெரியலையா? மூணரை மாசம். எல்லாரும் என்னை நடிப்புக்காரின்னு சொல்லும்போது நீயும் சேர்ந்து சொன்னியே. கை சொன்னபடி கேக்காதுன்னு உலகத்துலயே தெரிஞ்ச ஒரே ஆள் நீதான்டி."

"ஆமாக்கா" என்றாள் சின்னவள். வேறு சமாதானம் எதுவும் சொல்லவில்லை. கண்ணைத் துடைக்க ஏப்ரன் நுனியைத் தூக்கினாள்; அதன் ஈரத்தில் முகம்தான் இன்னும் நனைந்தது.

பெரியவள் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கோபம் போய்விடவில்லை, அது இன்னும் பல நாளைக்கு இருக்கும். ஆனால் கோபத்துக்கு அடியில், மூன்றரை மாதமாக உறுத்திக்கொண்டிருந்த ஒன்று இடம் மாறி உட்கார்ந்தது. வேண்டுமென்று விடவில்லை. தன்னைக் கீழே தள்ளவில்லை. இழுக்கிற குட்டிக் கைகள் தோற்றுப்போய் வாளி கிணற்றுக்குள் போயிருக்கிறது, அவ்வளவுதான். அவள் மடியிலிருந்த இடது கையை எடுத்து நீட்டினாள்.

"இதைப் பிடி. ரெண்டு கையாலயும் பிடி. ஒண்ணு தொறந்துக்கிட்டாலும் இன்னொண்ணு இருக்கும்."

இடது கை மடியில் இருக்க வேண்டும் என்று பிசியோ சொல்லவில்லை. கருவியை நடுப் பள்ளத்தில் மாட்டி, சிவப்பு முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்பி, வலது கையில் கொடுத்தாள்.

"பிடி" என்றாள் சின்னவள். அழுத குரல்தான், ஆனாலும் கொதிகலனைத் தாண்டுகிற குரல். "முறுக்கு. நான் இருக்கேன்கா. முறுக்கு. நில்லு."

பெரியவளின் முன்னங்கையில் கயிறு கயிறாகத் தசை எழுந்தது. கறுப்பு முள் பதினேழைத் தொட்டது, யோசிக்கிற மாதிரி நின்றது, பிறகு சிவப்பைத் தள்ளிக்கொண்டு மேலே போனது. பத்தொன்பது. இருபத்தொன்று. பிசியோ மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். இருபத்துநாலில் நின்றது. நின்ற பிறகும் அவள் தளர்த்தவில்லை, ஏனென்றால் யாரும் விடு என்று சொல்லவில்லை.

"விடு" என்றாள் சின்னவள்.

மற்ற நாலு பள்ளத்திலும், இடையிடையே ஓய்வு கொடுத்து, எடுத்தார்கள். பதினாறு, இருபத்தொன்று, இருபத்துநாலு, இருபது, பதினைந்து. பிசியோ புள்ளிகளைக் கோட்டால் சேர்த்தாள். தாளில் ஒரு மேடு எழுந்தது. யாரும் அதை மேசை என்று சொல்ல முடியாது. படிவத்தில் "ஆம்" என்ற கட்டத்தில் அவள் போட்ட குறி கொஞ்சம் பெரிதாகவே விழுந்தது. நரம்பு எங்கேயாவது அழுத்தப்படுகிறதா என்று பார்க்க வேண்டும், அடுத்த வாரம் வா என்று சின்னவளிடம் சொல்லிவிட்டு, பேனாவை மறுபடி வாயில் வைத்துக்கொண்டாள்.

பெரியவள் கருவியைச் சின்னவள் பக்கம் நகர்த்தினாள். "உட்காரு."

"எனக்கு எதுக்குக்கா?"

"உட்காருன்னா உட்காரு. பலம் இல்லைன்னாலும் முழுசா அழுத்துறவங்களுக்குச் சின்ன மேடாவது வரும்."

சின்னவள் உட்கார்ந்து கைப்பிடியைப் பற்றினாள். பெரியவள் எதிரே போய் நின்றாள். பதினாறு வருடத்தில் அவள் இன்னொருத்திக்காகக் கூப்பிட்டதே இல்லை; குரல் முதலில் பிசிறடித்தது.

"பிடி. முறுக்கு. நில்லு." ஒவ்வொரு பள்ளத்திலும் சொன்னாள். சின்னவள் முகம் சிவக்க, உதட்டைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். முள் ஏழிலும் ஒன்பதிலும் பத்திலும் நின்றது, அதற்குமேல் போகவில்லை. கடைசிப் பள்ளத்தில் விரல்கள் தாமாகவே மெல்லத் திறந்துகொண்டன.

"இவ்வளவுதான்கா வருது" என்றாள் தலை குனிந்தபடி.

பிசியோ அதே தாளில், பெரிய மேட்டுக்குக் கீழே, ஐந்து புள்ளிகளை வைத்துச் சேர்த்துக்கொண்டிருந்தாள். சின்னவள் தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"மேடு இருக்கா?"

பெரியவள் குனிந்து பார்த்தாள். ரொம்பச் சின்னது. தேடினால்தான் தெரியும்.

"இருக்கு" என்றாள்.